முதியோர் குடியிருப்பு: நாங்கள் போட்ட கணக்கு

போன ஐப்பசி அடைமழையில் ஒரு நாள், ராத்திரி 2 மணி இருக்கும், என் மனைவி பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டாள். சத்தம் கேட்டு ஓடினேன் என்று எழுத ஆசைதான். 75 வயதில் ஓட முடியாது. சுவரைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். எலும்பு எதுவும் முறியவில்லை. ஆனால் முழங்கால் மடங்கவில்லை. கையைக் கொடுத்துத் தூக்கப் பார்த்தேன்; இரண்டாவது முறை முயன்றபோது நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

யாரைக் கூப்பிடுவது? எங்கள் வீதியை அறிந்தவர்களுக்குத் தெரியும். இடது பக்கத்து வீடு இப்போது கெஸ்ட் ஹவுஸ். சனி ஞாயிறு மட்டும் ஆள் நடமாட்டம். வலது பக்கம் ஒரு சொல்தா குடும்பத்தின் வீடு. பிள்ளைகள் எல்லாரும் பாரீசில். வருஷத்தில் 10 மாதம் பூட்டுதான். மகள் பெங்களூரில், மகன் கனடாவில். விடியற்காலை 5 மணிக்குப் பால்காரர் வரும்வரை நாங்கள் இருவரும் அந்த ஈரத் தரையில் ஒரு பழைய போர்வையை விரித்து உட்கார்ந்திருந்தோம். பழைய கதைகள் பேசினோம். கொஞ்சம் சிரித்தோம் என்றுகூடச் சொல்லலாம். பால்காரர் வந்து தூக்கிவிட்டபோது அவள் சொன்னது ஒன்றுதான்: "இன்னொரு தடவை இப்படி ஆனா நல்லா இருக்காது."

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு நினைவிருக்கலாம், முதியோர் இல்லம் என்ற பேச்சே எனக்குப் பிடிக்காது என்று முன்பு எழுதியிருந்தேன். எங்கள் காலத்தில் அதற்கு 'ஒஸ்பீஸ்' என்று பெயர். யாரும் இல்லாதவர்களைக் கன்னியாஸ்திரீகள் பார்த்துக்கொள்ளும் இடம். "ஒஸ்பீசுக்குப் போயிட்டாராம்" என்று அம்மா சொன்னால் குரல் தானாகத் தாழும். நான் படித்தது பிரெஞ்சு மீடியம். அந்தச் சொல்லுக்கு விருந்தோம்பலோடு உறவு என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள். வீட்டில் அதன் அர்த்தம் வேறாக இருந்தது.

இப்போது வந்திருப்பவை வேறு வகை. 'சீனியர் லிவிங்' என்கிறார்கள். கோவைப் பக்கம் நிறைய இருக்கின்றன, சென்னையைச் சுற்றியும் வந்துவிட்டன. மகள் நான்கு இடங்களைக் குறித்துக் கொடுத்தாள். கோவையில் இரண்டு, சென்னைக்கு வெளியே ஒன்று, நம் பாண்டி எல்லையைத் தாண்டி விழுப்புரம் மாவட்டத்துக்குள் ஒன்று. நான்கையும் பார்த்தோம். பெயர் எழுதப் போவதில்லை. கேட்டுக் கடிதம் போட வேண்டாம்.

முதல் இடத்தில் ஓர் இளம்பெண் மிகவும் அன்பாகப் பேசினாள். நீச்சல்குளம், யோகா கூடம், நூலகம் எல்லாம் காட்டினாள். "அங்கிள், இங்க வந்தா உங்களுக்கு ஒரு கவலையும் இல்லை" என்றாள். நான் 33 வருஷம் அரசு அலுவலகத்தில் ஃபைல் பார்த்தவன். கவலை இல்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கவலை ஆரம்பித்துவிடும். ஒப்பந்தத்தின் நகல் கேட்டேன். முன்பணம் கட்டியபிறகு தருவோம் என்றாள். கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டோம்.

இரண்டாவது இடத்தில் நகல் கொடுத்தார்கள். 34 பக்கம். ஓட்டலுக்கு வந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தேன். 27ஆம் பக்கத்தில் இருந்தது: குடியிருப்பவர் தன் வேலைகளைத் தானே செய்துகொள்ள முடியாத நிலை தொடர்ந்தால், 30 நாள் அவகாசத்தில் காலி செய்யும்படி நிர்வாகம் கேட்கலாம். எதற்காக வீட்டை விட்டுக் கிளம்புகிறோமோ, அது வந்தால் வெளியே போ என்கிறது ஒப்பந்தம்! நடக்கிறவர்களுக்கு மட்டும் இடம் என்றால் அது நல்ல அடுக்குமாடிக் குடியிருப்பு, அவ்வளவுதான். கை கொடுத்துப் பார்த்துக்கொள்ளும் இடம் அதே வளாகத்தில் தனிப்பிரிவாக இருக்கிறதா, படுத்துவிட்டாலும் மறதி நோய் வந்தாலும் அங்கேயே மாற்றுவார்களா, அந்தப் பிரிவில் ராத்திரி எத்தனை பேர் விழித்திருப்பார்கள்? அதற்குப் பிறகு நான் முதலில் கேட்டது இவற்றைத்தான். நீச்சல்குளத்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

இன்னொன்று. 2019இல் மத்திய வீட்டுவசதி அமைச்சகம் ஓய்வுகால இல்லங்களுக்கு மாதிரி வழிகாட்டுதல் ஒன்று வெளியிட்டது. கட்டுபவர், சேவை நடத்துபவர், வாங்குபவர் என்று மூன்று பேரும் கையெழுத்திடும் ஒப்பந்தம் வேண்டும் என்கிறது அது. காரணம், கட்டியவர் விற்று முடித்துவிட்டுப் போய்விடுவார். சமையலும் நர்சும் வேறொருவர் பொறுப்பு. அவர் நாளை நிறுத்திவிட்டால்? மூன்றாவது கையெழுத்து எங்கே என்று கேட்டேன். மேலாளர் என்னை வக்கீலா என்று கேட்டார். இல்லை, கிளார்க் என்றேன்.

இனிப் பணம். வாசகர்களில் பலர் என்னைப்போல் பென்ஷன்காரர்கள் என்பதால் மறைக்காமல் எழுதுகிறேன்.

பணம் கட்டுவதில் மூன்று வழி இருக்கிறது. வீட்டை விலைக்கு வாங்குவது, பெரிய டெபாசிட் கொடுத்து லீசுக்கு எடுப்பது, மாத வாடகை. விலைக்கு என்றால் 55 லட்சம் சொன்னார்கள். எங்கள் வீட்டை விற்றால்தான் முடியும். நாளைக்குப் பிள்ளைகள் அதை விற்க நினைத்தாலும் வயதானவர்களுக்குத்தான் விற்க வேண்டும், நிர்வாகத்துக்கு மாற்றுக் கட்டணமும் உண்டு. வேண்டாம் என்றாகிவிட்டது.

லீஸ் பார்க்க இனிப்பாக இருந்தது. 30 லட்சம் டெபாசிட். காலி செய்யும்போது கழிவு போக வாரிசுக்குத் திரும்ப வரும். "வாடகையே இல்லை அங்கிள்" என்றார்கள். இதில்தான் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள். அதே 30 லட்சம்தான் தபால் அலுவலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் போடக்கூடிய உச்சவரம்பு. இப்போதைய வட்டி 8.2 சதவீதம், வருஷத்துக்கு 2,46,000 ரூபாய், மாதத்துக்கு 20,500. அதை விட்டுக்கொடுக்கிறோம் என்றால் அதுதான் வாடகை. பராமரிப்புக் கட்டணமும் சாப்பாடும் அதற்கு மேல்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு பிரெஞ்சுக் கதை நினைவுக்கு வந்தது. பிரான்சில் 'வியாழே' என்று ஒரு முறை உண்டு. வயதானவர் வீட்டை விற்பார், ஆனால் சாகும்வரை அதிலேயே இருப்பார். வாங்கியவர் மாதாமாதம் பணம் தர வேண்டும். ஆர்ல் நகரத்தில் ழான் கல்மான் என்ற அம்மாளோடு 1965இல் ஒரு நொத்தேர் இப்படி ஒப்பந்தம் போட்டார். அம்மாளுக்கு 90 வயது, மாதம் 2,500 பிராங்க். எத்தனை நாள் இருந்துவிடப் போகிறார் என்று நினைத்திருப்பார். 30 வருஷம் கொடுத்துவிட்டு 1995இல் நொத்தேர்தான் போய்ச் சேர்ந்தார். மிச்சத்தை அவர் மனைவி கட்டினாள். அம்மாள் 1997இல், 122 வயதில் போனார். நம் நாட்டிலும் 2007 வாக்கில் ரிவர்ஸ் மார்ட்கேஜ் வந்தது. வங்கி மாதாமாதம் கடனாகக் கொடுத்து, நம் காலத்துக்குப் பிறகு வீட்டிலிருந்து வசூலித்துக்கொள்ளும். அதையும் விசாரித்தேன். எங்கள் வீட்டின் மூலப் பத்திரம் பிரெஞ்சில் நொத்தேர் எழுதியது. அதைப் பார்த்ததும் வங்கி அதிகாரியின் முகம் போன போக்கைப் பார்த்து நானே பத்திரத்தை மடித்து வைத்துக்கொண்டேன்.

மிச்சம் மாத வாடகை. நான்காவதாகப் பார்த்த, எல்லைக்கு அந்தப் பக்கத்து இடம். டெபாசிட் 3 லட்சம். வாடகை, பராமரிப்பு, இரண்டு பேருக்குச் சாப்பாடு எல்லாம் சேர்த்து மாதம் 34,000. வருஷத்துக்கு 8 சதவீதம் ஏற்றுவார்கள். 8 சதவீதம் என்றால் 9 வருஷத்தில் இரண்டு மடங்கு. கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். நாமே போட்டுப் பார்க்க வேண்டும்.

வரவு இப்படி. கம்யூட் செய்த பகுதி 15 வருஷம் முடிந்து 2025இல் திரும்ப வந்துவிட்டதால் பென்ஷன், பஞ்சப்படியோடு சுமார் 38,000. சேமிப்புத் திட்டத்தில் 15 லட்சம் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு 30,750, அதாவது மாதம் 10,250. வீட்டை வாடகைக்கு விட்டால் 18,000 வரும். ஆக 66,250. செலவு 34,000. மருந்துக்கும் பஸ்சுக்கும் போக மீறும். 80 வயதானால் அடிப்படைப் பென்ஷனில் 20 சதவீதம் கூடுதலாகவும் வரும். ரொம்பத் திருப்தியாக நோட்டை மூடினேன்.

மனைவி காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: "இது ரெண்டு பேரும் இருந்தா. நீங்க முன்னாடி போயிட்டா?"

பதில் சொல்லவில்லை.

"எனக்கு எவ்வளவு வரும்னு போடுங்க. கூட ஆள் வெச்சுப் பார்த்துக்கற இடத்துல எனக்கு மட்டும் எவ்வளவு ஆகும்னு போடுங்க. அந்தக் கணக்கு சரியா வந்தா போலாம்."

51 வருஷம் கூட வாழ்ந்தவள். குடும்ப பென்ஷன் ஃபைல்கள் எத்தனை என் மேஜை வழியாகப் போயிருக்கும்! விதவைப் பெண்களை எதிரே உட்காரவைத்து, கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் என்று விளக்கியிருக்கிறேன். என் வீட்டுக்கு அதைப் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. கை கொஞ்சம் நடுங்கியது. எழுதினேன். பென்ஷனில் ஐந்தில் மூன்று பங்கு, 22,800. சேமிப்பு வட்டி 10,250, நாமினி அவள்தான். வீட்டு வாடகை 18,000. மொத்தம் 51,050. அந்த இடத்தில் உதவியோடு இருக்கும் பிரிவில், ஒருவருக்கு, இன்றைய கட்டணம் 48,000.

மிச்சம் 3,050 ரூபாய். அதுவும் இந்த வருஷத்துக்கு.

அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. காலையில் இரண்டு முடிவு எடுத்தோம். ஒன்று, வீட்டை எக்காரணம் கொண்டும் விற்பதில்லை. அந்த வாடகைதான் அவளுக்குக் கைத்தடி. இரண்டு, இப்போது மீறுகிற பணத்திலிருந்து மாதம் 15,000 அவள் பேரில் தனிக் கணக்கில் போவது, நான் இருக்கும்வரை. மகனிடமும் பேசினேன். தேவைப்பட்டால் அனுப்புகிறேன் என்றான். "தேவைப்படும்போது கேட்கிற நிலையில் அம்மா இருப்பாளா என்று தெரியாது, இப்போதே எழுதி வை" என்றேன். கொஞ்ச நேரம் மௌனமாக இருந்தான். பிறகு மாதம் ஒரு தொகை தானாகப் போகும்படி வங்கியில் சொல்லிவிட்டான். நான் அவனிடம் வாழ்க்கையில் முதல்முறையாகப் பணம் கேட்டது அது.

உறவுக்காரர்கள் பேசுவதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. பேசினார்கள்.

அந்த இடத்தைக் கையெழுத்துக்கு முன் இன்னும் இரண்டு முறை போய்ப் பார்த்தோம், சொல்லாமல், செவ்வாய்க்கிழமைகளில். ஞாயிற்றுக்கிழமை எல்லா இடமும் கல்யாண வீடு மாதிரி இருக்கும். ராத்திரிச் சாப்பாடு அங்கேயே வாங்கிச் சாப்பிட்டோம். இட்லி பரவாயில்லை, சாம்பார் தண்ணீர். மாற்று இடம் தேடும் அளவுக்கு மோசமில்லை என்று மனைவி தீர்ப்புச் சொன்னாள். படுத்த படுக்கையாக இருப்பவர்களின் பிரிவுக்குப் போய் வராந்தாவில் மூச்சை இழுத்துப் பார்த்தேன். டெட்டால் வாசனைதான் இருந்தது, வேறு இல்லை. அங்கிருந்த ஒரு பாட்டி, கடலூர்க்காரர், "இங்க நல்லாத்தான் பார்த்துக்கறாங்க, ஆனா புதுசா வர்ற பொண்ணுங்க மூணு மாசம்தான் நிக்கறாங்க" என்றார். எந்தப் புத்தகத்திலும் கிடைக்காத தகவல். ஜிப்மருக்கு ஆட்டோவில் எவ்வளவு நேரம் என்று கடிகாரம் பார்த்தேன், 25 நிமிஷம்.

ஒரு மாதம் தங்கிப் பார்க்க அனுமதித்தார்கள். தை 2ஆம் தேதி போனோம். அம்மிக்கல்லை எடுத்துப் போக வேண்டாம் என்று அவளைச் சம்மதிக்க வைத்தது மட்டும் தனிக் கதை.

கட்டில் பக்கத்தில் ஒன்று, பாத்ரூமில் தரைக்கு ஒரு சாண் உயரத்தில் ஒன்று, சிவப்புக் கயிறு தொங்குகிறது. இழுத்தால் கீழே மணி அடிக்கும் என்றார்கள். நான்காம் நாள் ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எழுந்து போய்ப் பாத்ரூம் கயிற்றை இழுத்தேன். மணி 2.10. கையில் கடிகாரத்தோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். 2.14க்குக் கதவு திறந்தது. சின்னப் பெண், தலைமுடி கலைந்து, மூச்சு வாங்க நின்றாள்.

"மன்னிச்சுக்கோம்மா, சும்மா பார்த்தேன்" என்றேன்.

"பரவாயில்லை தாத்தா. வர்றவங்க எல்லாரும் முதல் வாரத்துல ஒரு தடவை இழுத்துப் பார்ப்பாங்க" என்று சொல்லிவிட்டு, விளக்கை அணைக்கட்டுமா என்று கேட்டாள்.