எத்தனை மீட்டர்?

பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையில் கிராஃப் தாள் கொடுப்பார்களே, ஞாபகம் இருக்கிறதா? நாம் வரைந்த கோட்டிலிருந்து விடையைப் படித்துச் சொன்னது, அடியில் இருந்த அந்தச் சின்னச் சின்னக் கட்டங்களை வைத்துத்தான். கம்ப்யூட்டரில் வரையும்போது மட்டும் அந்தக் கட்டங்கள் மறந்துபோகின்றன.

கூடங்குளத்தை அடுத்த இடிந்தகரையில் ஒரு மீனவர் வீடு. மகள் கல்லூரியில் பைத்தான் படிக்கிறாள். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் மையம், அலை உயரம், காற்று வேகம் எல்லாவற்றையும் மீனவர்களுக்கு முன்கூட்டியே சொல்கிறது. அந்த எண்களை எடுத்து, மேட்பிளாட்லிப்பில் ஒரு வரைபடம் போட்டு அப்பாவிடம் போனை நீட்டினாள். வெள்ளைத் திரையில் ஒரு நீலக்கோடு மலை மாதிரி ஏறி நின்றது.

"அலை கூடுதுன்னு தெரியுது. எத்தன மீட்டர், எப்பம்னு எப்படிட்டி பாக்க?" என்றார் அப்பா.

நியாயமான கேள்வி. மேட்பிளாட்லிப் நாம் கேட்காமல் கட்டம் போடாது. எண்களுக்கு ஏற்ப அளவுகோலையும் தானே அமைத்துக்கொள்ளும். 1.2 மீட்டர் அலை 1.5 ஆனாலும் திரையில் மலைதான்!

'கிரிட்' என்று ஒரு வரி சேர்த்தாள். கறுப்பு நிறம் கொடுத்ததால் கட்டங்கள் வலையாகி, அலைக்கோடு அதில் சிக்கிக்கொண்டது. 'ஆல்ஃபா' அளவை 0.3 ஆக்கியதும் கட்டங்கள் மங்கின, கோடு பளிச்சென்று தெரிந்தது. படுக்கைக் கோடு அரை மீட்டருக்கு ஒன்று, செங்குத்துக் கோடு ஆறு மணி நேரத்துக்கு ஒன்று.

அப்பா விரலை உச்சியில் வைத்து இடப்பக்கம் நகர்த்தினார். இரண்டரை மீட்டர். கீழே இறக்கினார். வியாழன் மதியம்.

"அப்பம் புதன் ராத்திரியே வலைய எடுத்துட்டு கரைக்கு வந்துரணும்" என்றார்.

ஜான் ஹன்டர் என்ற அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர், வலிப்பு நோயாளிகளின் மூளை மின் அலைகளைப் பார்ப்பதற்காக உருவாக்கியதுதான் மேட்பிளாட்லிப். 2003-ல் வெளியானது. 2012-ல், 44 வயதில் அவர் இறந்தார். இன்று உலகமெங்கும் மாணவர்கள் கையில் இருக்கிறது அந்தக் கருவி.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் வரைபடம் போட்டுக் காட்டினால், ஓர் இடத்தில் விரலை வைத்து, "இது எவ்வளவு?" என்று கேட்டுப்பாருங்கள். சட்டென்று பதில் வராவிட்டால், நாலு மெல்லிய கோடுகள் போடச் சொல்லுங்கள்.