கத்திரி வெயிலில் ஒரு ஜட்கா

குதிரையைப் பற்றி நம் நாட்டில் வழங்கும் பழமொழிகளை நினைத்துப் பார்த்தால், அவற்றில் பலவும் குதிரையின் மேல் உட்கார்ந்திருந்தவர்களோ அதிலிருந்து விழுந்தவர்களோ செய்தவையாகவே தோன்றுகின்றன. கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்று அதன் மேல் குற்றப்பத்திரிகை வாசிக்கிறோமே ஒழிய, தள்ளாமலும் பறிக்காமலும், சொன்ன வழியில் சொன்ன வேகத்தில் ஓடி, ஓடிய இடத்திலேயே பிராணனை விடவும் சித்தமாய் நின்ற குதிரையைப் பற்றி ஒரு பழமொழியும் என் காதில் விழுந்ததில்லை. அப்படிப்பட்ட குதிரை ஒன்றை நான் எட்டு வயதில் பார்த்தேன். அதன் அவஸ்தைக்குக் காரணமானவர்களில் நானும் ஒருவன். என் பங்குக்கு ஏற்றிய பாரம் சொற்பம்தான் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

1953-ஆம் வருஷம், வைகாசி மாதத்து வியாழக்கிழமை. சித்திரை 21-இல் தொடங்கி வைகாசி 14 வரை நீளும் கத்திரியின் நடுப்பகுதி அது. குளித்தலையிலிருந்து திருச்சிக் கோட்டை ஸ்டேஷனில் வந்து இறங்கினோம். ஸ்ரீரங்கத்தில் மறுநாள் அத்தை மகளுக்குக் கலியாணம். தாத்தா, பாட்டி, அம்மா, பெரியத்தை, நான், என் தங்கை ஆக ஆறு பேர். எங்களோடு அண்டா, குடம், தவலை என்று புதுப் பித்தளைச் சீர்ப் பாத்திரங்கள் ஒரு கோணி. ரயில் தாமதித்து வந்தபடியால் மணி பன்னிரண்டரை ஆகிவிட்டது. வியாழக்கிழமை ஒன்றரைக்கு ராகுகாலம் பிறந்துவிடுமாதலால், அதற்குள் சீருடன் வீடு புகுந்துவிடவேண்டும் என்பது தாத்தாவின் கவலை. ஸ்டேஷன் வாசலில் நின்ற ஜட்காக்களில் ஒன்றைப் பேசி, "ஒன்றரைக்குள் சேர்த்துவிட்டால் இரண்டணா கூடவே தருகிறேன், சாயபு" என்றார்.

அந்த இரண்டணாவைப் பற்றி எழுபது வருஷங்களுக்கு மேலாக யோசித்து வருகிறேன்.

ஜட்காவில் ஏறியவர்களுக்குத் தெரியும், அதில் உட்காருவது ஒரு சாமானியமான காரியம் அன்று. ஆசனம் என்று ஒன்றும் கிடையாது. தரையில் புல்லைப் பரப்பி, அதன்மேல் ஒரு விரிப்பைப் போட்டிருப்பார்கள். காலை மடக்கி, முழங்கால் முகவாயைத் தொட, கூண்டுக்குள் அடைபட்டு உட்காரவேண்டும். உட்கார்ந்தபின் வண்டிக்காரர், "பெரியம்மா, கொஞ்சம் முன்னே வாங்க, பின்பாரம் தூக்குது" என்பார். முன்னே வந்தால், "ஐயா, நீங்க ஒரு சாண் பின்னே போங்க" என்பார். அவர் நம்மைப் படுத்தவேண்டும் என்று சொல்வதில்லை. இரண்டே சக்கரங்கள் உள்ள வண்டியில் பின்பாரம் மிகுந்தால் ஏர்க்கால்கள் மேலே எழும்பிக் குதிரையின் வயிற்று வாரை இறுக்கும். முன்பாரம் மிகுந்தால் முதுகை அழுத்தும். இரண்டுக்கும் நடுவே தராசு முள் நிற்பதுபோல் நிற்கும் ஒரு நிலையில்தான் குதிரைக்கு வண்டி பாரமாய்த் தெரியாது. அன்று சாயபு எங்களை மூன்று தடவை மாற்றி உட்கார வைத்தும் அந்த நிலை வாய்க்கவில்லை. பித்தளை அண்டா பின்னால் இருந்தது.

குதிரை செம்பழுப்பு நிறத்து மட்டக்குதிரை. அது காலையிலிருந்து இழுக்கும் ஐந்தாவது சவாரி எங்களுடையது என்பது பிறகுதான் தெரிந்தது. சிந்தாமணியைக் கடந்து காவேரிப் பாலத்தில் ஏறினோம். இப்போதுள்ள பாலம் 1976-இல் வந்தது; நான் சொல்வது அதற்கு முந்திய பழைய பாலம். மேட்டூரில் ஜூன் 12-ஐ ஒட்டித் தண்ணீர் விடும் வழக்கமாதலால், வைகாசியில் காவேரி என்பது பெரும்பாலும் மணல். அந்த மணலிலிருந்து எழும்பிய வெப்பம் கீழிருந்தும், வெயில் மேலிருந்தும் தாக்க, பாலத்தின் மேல் ஒரு தோசைக்கல்லின் மேல் ஊர்கிற எறும்புகளைப் போல நாங்கள் போய்க்கொண்டிருந்தோம். நான் வண்டிக்காரருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். குதிரையின் தொடைகளுக்கு இடையிலும் வார்ப்பட்டையின் ஓரத்திலும் சோப்பு நுரையைப்போல் வெள்ளை வெள்ளையாய் நுரை கட்டியிருந்ததைக் கண்டு, குதிரைக்குச் சோப்புத் தேய்த்திருக்கிறார்கள் என்றே எண்ணினேன்.

அது வியர்வை. பிராணிகளில் மனிதனைப் போல உடம்பு முழுவதும் வியர்வை விட்டு உஷ்ணத்தைத் தணித்துக்கொள்ளும் பிராணி குதிரையைப்போல் வேறு அதிகம் இல்லை. நாய் நாக்கைத் தொங்கவிட்டு இளைக்கிறது. எருமையும் பன்றியும் சேற்றைத் தேடிப்போகின்றன. குதிரையின் வியர்வையிலோ நுரைக்கும் தன்மையுள்ள ஒரு புரதம் இருக்கிறது. கனத்த ரோமத்தினூடே வியர்வையைப் பரப்பி, அது சீக்கிரம் ஆவியாக வழி செய்வது அந்தப் புரதம்தான். ஆனால் இந்த வரத்துக்குள்ளே ஒரு சாபமும் உண்டு. மனிதனுடைய வியர்வையைக் காட்டிலும் குதிரையின் வியர்வையில் உப்பு அதிகமாதலால், கடும் உழைப்பில் ஒரு பெரிய குதிரை மணிக்குப் பத்து லிட்டருக்கும் மேல் வியர்வை விடும்போது, நீர் மட்டுமன்றிச் சரீரத்தின் உப்புச் சத்தும் கூடவே போய்விடுகிறது. இன்னொன்றும் சொல்லவேண்டும். தசை செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கே ஓட்டமாகிறது, மிச்சமெல்லாம் சூடுதான். குதிரையின் உடம்பில் தசை மிகுதி; அந்தப் பருமனுக்குத் தோலின் பரப்புப் போதாது. ஓடுகிற குதிரை, புகைபோக்கி சிறுத்துப்போன அடுப்பு.

பாலத்தின் வடகோடியில், மாம்பழச் சாலைக்குள் திரும்புமுன், நுரையைக் காணோம். குதிரைக்குச் சௌகரியமாகிவிட்டது என்று குழந்தையான நான் நினைத்தேன். சாயபு அதைப் பார்த்த மாத்திரத்தில் கடிவாளத்தை இழுத்துப் பிடித்துக் குதித்து இறங்கினார். வியர்வை நின்ற குதிரை ஆபத்திலிருக்கும் குதிரை. அதன் மூக்குத் துவாரங்கள் கிண்ணமாய் விரிந்திருந்தன. விலா துருத்தியைப்போல் அடித்தது. பின்னங்கால் ஒன்று இடறியது. சாயபு அதன் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார், செங்கல் நிறம். கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டார். கிள்ளிய இடம் கூடாரம்போல் எழும்பி, படியாமல் அப்படியே நின்றது.

"என்ன சாயபு, மணி ஒன்று பத்து ஆகிறதே?" என்றார் தாத்தா.

"இறங்குங்க சாமி" என்றார் அவர். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

இங்கே, ராகுகாலத்தைச் சற்று நிறுத்திவைத்து, ஒரு பழைய கதையைச் சொல்லிவிடுகிறேன். குதிரை நம் மண்ணின் பிராணி அன்று. கடல் வழியாக வந்தது. பட்டினப்பாலையே அதற்குச் சாட்சி. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரையில் இறங்கிய மார்க்கோ போலோ, பாண்டிய மன்னன் வருஷந்தோறும் 2000-க்கு மேற்பட்ட குதிரைகளைப் பொன் கொடுத்து வாங்கினான் என்றும், வருஷ முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்றும் எழுதியிருக்கிறார். பராமரிக்கத் தெரிந்த ஆள் இல்லை. சோற்றையும் இறைச்சியையும் வேகவைத்துக் கொடுத்தார்கள். லாடம் அடிப்பவரை அராபிய வணிகர் இங்கே வரவிடாமல் பார்த்துக்கொண்டனர், குதிரைகள் சாகச்சாக அவர்களுக்கு வியாபாரமாதலால். போலோ சொன்ன அனைத்தையும் நம்பவேண்டும் என்பதில்லை. ஆனாலும் உலர்ந்த தேசத்துக் குதிரை நம் புழுக்கத்தில் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை எண்ணும்போது, மாணிக்கவாசகர் குதிரைக்கென்று கொண்டுபோன பொன் குதிரையாகத் திரும்பாததைப் பாண்டியன் அத்தனை பெரிய குற்றமாகப் பாவித்திருக்கவேண்டாம் என்று எனக்குத் தோன்றும். பொன்னைப் போட்டுக் குதிரையை வாங்கியவர்களும் வருஷக் கடைசியில் வெறுங்கையோடுதானே நின்றார்கள்!

அரசனுக்குத் தெரியாதது ஜட்காக்காரருக்குத் தெரிந்திருந்தது. வாரையெல்லாம் அவிழ்த்து, ஏர்க்காலை இறக்கி, குதிரையைச் சாலையோரத்துப் புளியமரத்து நிழலுக்குப் பிடித்துப் போனார். எதிரே ஒரு வீட்டில் கிணறு இருந்தது. வாளி ஒன்றுதான். சாயபுவின் பார்வை எங்கள் கோணியின் மேல் விழுந்தது. "சீர்க் குடத்தைக் குதிரைக்கா?" என்று பெரியத்தை கேட்டு முடிக்கவில்லை, பாட்டி கோணியின் கட்டை அவிழ்த்துவிட்டாள். மணப்பெண்ணின் பெயர் பொறித்த குடத்திலும் தவலையிலும் அம்மா இறைக்க, தாத்தா வாங்கித் தர, நான் தளும்பத் தளும்பத் தூக்கி வந்தேன். முதல் மறுப்புச் சொன்ன பெரியத்தைதான் கடைசிவரை ஓயாமல் சுமந்தவள்.

சாயபு தண்ணீரைக் கழுத்திலும் மார்பிலும் தொடையின் உட்புறத்திலும் ஊற்றினார். ரத்தக் குழாய்கள் தோலுக்கு அருகே ஓடும் இடங்கள் அவை. ஊற்றிய தண்ணீர் ஒரு நிமிஷத்தில் வெந்நீராயிற்று. அதை உள்ளங்கையின் விளிம்பால் வழித்துவிட்டு மறுபடி ஊற்றினார். வேடிக்கை பார்க்கக் கூடியவர்களில் ஒருவர், ஈரச் சாக்கைப் போர்த்தினால் குளிர்ச்சி நிற்கும் என்று யோசனை சொல்லி, தாமே ஒரு சாக்கை நனைத்துப் போட்டும்விட்டார். சாயபு அதை இழுத்து எறிந்தார். "மூடினா உள்ளே இட்லி மாதிரி அவிஞ்சிடும், காத்துப் படணும்." என் தங்கையின் கையில் ஒரு பனையோலை விசிறியைக் கொடுத்து வீசச் சொன்னார். அவள் அதைத் தன் கலியாண வேலையாகவே எடுத்துக்கொண்டாள்.

சூடேறிய குதிரையின் மேல் குளிர்ந்த நீரைக் கொட்டினால் தசை பிடித்துக்கொள்ளும், வயிற்றுவலி வரும் என்ற பயம் உலகம் முழுவதும் குதிரைக்காரர்களிடம் நெடுங்காலம் இருந்தது. 1996-ஆம் வருஷம் அட்லாண்டா ஒலிம்பிக்ஸை ஒட்டி, உஷ்ணமும் புழுக்கமும் மிகுந்த அந்த ஊரில் குதிரைகளை எவ்வாறு காப்பது என்று விஞ்ஞானிகள் பரீட்சை செய்து, தாராளமாக, பனிக்கட்டி இட்ட நீரையே ஊற்றலாம், அதனால் தீங்கில்லை என்று கண்டார்கள். சாயபுவுக்கும் அந்தப் பயம் இருந்திருக்கவேண்டும். முதல் குடத்தை ஊற்றும்போது, "அல்லா" என்று சொல்லிவிட்டுத்தான் ஊற்றினார். வழித்துவிடவும் வேண்டாம், இடைவிடாமல் ஊற்றிக்கொண்டே இருந்தாலே போதும் என்று இப்போது சொல்கிறார்கள். அதற்குக் குழாய் வேண்டும்; எங்களிடம் இருந்தது ஒரு கிணறும் நான்கு பாத்திரங்களும்.

குடிப்பதற்கு இரண்டு பாத்திரம் வைத்தார், ஒன்றில் வெறும் தண்ணீர், மற்றதில் அந்த வீட்டிலிருந்து வாங்கிய ஒரு பிடி உப்புக் கரைத்த தண்ணீர். இது ஏன் என்று பிற்காலத்தில் கால்நடை மருத்துவராயிருந்த என் நண்பர் ஒருவரைக் கேட்டேன். உப்பை இழந்த குதிரைக்குத் தாகமே மந்தித்துப்போகலாம். உப்புத் தண்ணீர் பிடிக்காத குதிரை குடிக்காமலே இருந்துவிடலாம். ஆகவே இரண்டும் வேண்டும் என்றார். நல்ல ஆரோக்கியத்தில் குதிரை நிமிஷத்துக்கு 8 முதல் 16 தடவை சுவாசிக்கும், இதயம் 28 முதல் 44 தடவை அடிக்கும், சரீர உஷ்ணம் 101 டிகிரி பாரன்ஹீட்டை ஒட்டி நிற்கும், 105-ஐத் தாண்டினால் கெடுதல் என்றும் சொன்னார். நான் அன்று எண்ணவில்லை. ஆனால் விலா அடித்ததில் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே இடைவெளியே தெரியவில்லை.

மாடாயிருந்தால் இத்தனை தூரம் வந்திராது. நடுவழியில் படுத்து, வாலை முறுக்கினாலும் எழுந்திராமல், தன் கட்சியை நிலைநாட்டியிருக்கும். குதிரைக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது. ஓடு என்று சொன்னவன் நில் என்று சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் அதற்குத் தானாக நிற்கத் தெரிவது அரிது. பகல் 12 மணி முதல் 3 மணி வரை, உஷ்ணம் 37 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடங்களில் வண்டி இழுக்கும் பிராணிகளை வேலை வாங்கக்கூடாது என்று 1965-இல் சர்க்கார் விதி செய்தது. திருச்சியில் கத்திரியின்போது 37 டிகிரி என்பது இளவெயில். அந்த விதி அன்று இருந்திருந்தால் தாத்தா ஸ்டேஷனிலேயே ராகுகாலத்தைக் கழித்திருப்பாரா என்று சொல்லமுடியாது. அதே மாதத்தில் கிண்டிப் பந்தயக் குதிரைகள் உதகமண்டலத்துக்கு மலையேறிப்போய்க் குளிர்காற்றில் ஓடிக்கொண்டிருந்தன என்பதை மட்டும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

மூன்று மணிக்கு விலா சற்று அடங்கிற்று. சாயபு அதை நிழலிலேயே மெல்ல நான்கடி நடத்தி நிறுத்துவார், மீண்டும் நடத்துவார். நாங்கள் எல்லோரும் எதற்காகவோ காத்திருந்தோம். எதற்கு என்று எங்களுக்குத் தெரியவில்லை, அவருக்குத் தெரிந்திருந்தது. மூன்றரை மணி சுமாருக்குக் குதிரை பின்னங்கால்களை அகட்டிச் சிறுநீர் விட்டது. சாயபு முகம் மலர்ந்து, "பொழைச்சிட்டான் சாமி!" என்றார். ராகுகாலம் முடிந்து அரைமணி ஆகியிருந்ததைத் தாத்தா கவனிக்கவேயில்லை.

ஒற்றை மாட்டுவண்டி ஒன்று பிடித்துச் சாமான்களை மாற்றினோம். தாத்தா பேசிய வாடகையோடு இரண்டணாவையும் சேர்த்து நீட்டினார். சாயபு அதில் பாதியை மட்டும் எண்ணி எடுத்துக்கொண்டு, "பாலம் வரைக்கும்தானே வந்தோம்" என்றார். கிணற்று வீட்டம்மாள் இரக்கப்பட்டு ஒரு முறத்தில் கொள்ளு கொண்டுவந்தாள். அதையும் அவர் வாங்கவில்லை. "இன்னிக்குத் தானியம் ஆகாதம்மா, வயித்துல கட்டிக்கும். புல்லு போதும்" என்று சொல்லி, ஜட்காவின் விரிப்பைச் சுருட்டி, நாங்கள் ஆறு பேரும் உட்கார்ந்து நசுக்கிய புல்லை வாரி, தண்ணீரில் நனைத்துக் கீழே போட்டார். குதிரை தலையைத் தாழ்த்தி, அதிலிருந்து ஒரு தாளை மட்டும் உருவி, வெகுநேரம் மென்றது.