ரிசர்வ் சைட்டில் என் கையெழுத்து

2013-இல் நான் ஊராட்சி வார்டு உறுப்பினர். திருச்செங்கோட்டுப் பக்கம் எங்கள் ஊர். புதிதாக மனை பிரித்தவர்கள், சாலைகள் போக மிச்ச நிலத்தில் 10 சதவீதத்தைப் பூங்காவுக்கென்று ஊராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தார்கள். ரிசர்வ் சைட் என்போம். ஓரத்தில் ஒரு வேப்பமரம். சாயங்காலமானால் பையன்களுக்கு கிரிக்கெட், மரத்தடியில் பெண்பிள்ளைகளுக்குப் பாண்டி.

மழைக்காலத்தில் போர்வெல் போடும் ரிக் வண்டிகளுக்கு வேலை இருக்காது. அவற்றை நிறுத்த இடம் கேட்டு என் சொந்தக்காரர் ஒருவர் வந்தார். "மாப்ள, அந்த இடம் சும்மாதானே கெடக்குது?"

சும்மா கிடக்கும் இடம் என்றே நானும் கூட்டத்தில் பேசினேன். பொய். தினமும் அந்த வழியாகத்தான் வீட்டுக்குப் போவேன், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே. காசு வாங்கவில்லை. சொந்தத்தைப் பகைக்கப் பயந்தேன், அடுத்த தேர்தலுக்கும் பயந்தேன். வண்டிகளை அங்கே நிறுத்த விடும் தீர்மானத்தில் முதல் கையெழுத்து என்னுடையது.

பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய மனையை மருத்துவமனைக்குக் கொடுத்ததையே உச்ச நீதிமன்றம் 1991-இல் செல்லாது என்றிருக்கிறது. நான் கை தூக்குவதற்கு 22 வருடம் முன்பு. அதெல்லாம் விசாரிக்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாவது தப்பு இதைவிடப் பெரியது. மனசு உறுத்தியதால் ஊஞ்சலும் சறுக்குமரமும் வாங்கிப் போட ஏற்பாடு செய்தேன். யாரும் ஆட்சேபிக்காத இடமாகப் பார்த்தேன். கிடைத்தது சுடுகாட்டுப் பாதையோரம். மருந்துக்கும் நிழல் இல்லை. சித்திரை வெயிலில் இரும்புச் சறுக்கு தோலை உரித்துவிடும். அந்தப் பக்கம் எந்தத் தாய் பெண்பிள்ளையை அனுப்புவாள்? பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். பிரிட்டனின் வேல்ஸில், பிள்ளைகள் விளையாட இடமும் நேரமும் போதுமான அளவு இருக்கிறதா என்று உள்ளாட்சிகளே கணக்கெடுக்க வேண்டும் என 2012 முதல் சட்டக் கடமை. எங்கள் ஊருக்கு அந்தச் சட்டம்கூட வேண்டாம். ஒரு வாரம் சாயங்காலம் தெருத்தெருவாக நின்று, யார் எங்கே ஆடுகிறார்கள், யார் வருவதில்லை, ஏன் என்று ஒரு நோட்டில் எழுதினால் போதும். ஐந்து வருடப் பதவியில் அந்த ஒரு வாரம் நான் நிற்கவில்லை.

2023-இல் கிரிக்கெட் வீரர் நடராஜன் சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில், தன் சொந்த ஊரில், அமைத்த மைதானம் திறக்கப்பட்டது. செய்தியைப் படித்த அன்று சோறு இறங்கவில்லை. அவர் உழைத்த காசில் ஊருக்கு ஓர் இடம் உண்டாக்கினார். காசே கொடுக்காமல் கிடைத்த இடத்தை நான் தொலைத்தேன்.

வண்டிகள் வந்த வாரம் பக்கத்து வீட்டுப் பையன் பேட்டோடு வந்து நின்றான். "நாங்க எங்கீங் மாமா வெளையாடறது?"

"எங்கயாச்சும் போய் வெளையாடுங்கடா" என்றேன்.

அவன் இப்போது ரிக் வண்டியில் வேலைக்குப் போகிறான். போன ஆகஸ்ட் 15 கிராம சபையில், அந்த இடத்தைப் பிள்ளைகளுக்கே திருப்பிவிடச் சொல்லி மனு கொடுத்தேன். அன்றைக்கு வண்டிகளை அங்கே யார் விட்டது என்று ஒரு அம்மா கேட்டார். எழுந்து, "நான்தானுங்க" என்றேன்.