புதன்கிழமை ராத்திரி பாஸ்தா

தோசை சுடுகிறவர் சூடான தோசை சாப்பிடுவதில்லை. எங்கள் வீட்டில் ஐந்து பேர். ஆளுக்கு நாலு என்றால் இருபது. தம்பி பசியோடு வந்தால் இருபத்தைந்து. ஒரு தோசைக்கு ரெண்டு நிமிஷம் வைத்துக்கொண்டால் ஐம்பது நிமிஷம். அந்த ஐம்பது நிமிஷமும் அம்மா கல்லுக்கு முன்னால் நிற்பாள். கூடத்திலிருந்து "இன்னொண்ணு" என்று குரல் வரும். தோசை வரும். கடைசியில் மாவுப் பாத்திரத்தில் கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி ஊற்றினால் தடிமனாக, வெளிறிப்போய் ஒன்று வருமே, அதுதான் அம்மாவுடையது. அவள் தட்டோடு உட்காரும்போது அப்பா வாசலில் காற்றாட நின்றுகொண்டிருப்பார்.

இட்லி அப்படியில்லை. கொப்பரையில் ஒரே ஈடாக வெந்துவிடும். பக்கத்தில் கடப்பா இருந்தால் கேட்கவே வேண்டாம். (கடப்பா தெரியாதவர்களுக்கு: பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் வேகவைத்து மசித்து, தேங்காய், பொட்டுக்கடலை, சோம்பு, கசகசா அரைத்து விடுகிற தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்துச் சமாச்சாரம். கடைசியில் எலுமிச்சம்பழம் பிழியாவிட்டால் அது கடப்பா இல்லை.) இட்லி ராத்திரியில் அம்மாவும் எங்களோடு உட்கார்ந்துவிடுவாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அரைத்த மாவு திங்கள், செவ்வாய்தான் இட்லிக்குத் தாங்கும். புதன்கிழமை புளித்துவிடும். புதன் என்றால் தோசை.

போன வருஷம் அம்மாவின் இடது காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு நீலம் நீலமாகத் தெரிய ஆரம்பித்தது. தஞ்சாவூருக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் "ரொம்ப நேரம் நிக்கிற வேலையாம்மா?" என்று கேட்டார்.

"நான் எங்க நிக்கிறேன்? வீட்லதானே இருக்கேன்" என்றாள் அம்மா.

பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு அந்தப் பதிலே ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த மாதச் சம்பளத்தில் ஒரு ஓடிஜி அடுப்பு வாங்கினேன். கம்பெனி வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னதால் அம்மாப்பேட்டைப் பக்கம் எங்கள் ஊருக்கே வந்துவிட்டிருந்தேன், வாடகை மிச்சம். வீட்டில் பெரிய பிளக் ஒன்றே ஒன்று, அதுவும் கூடத்தில், கிரைண்டருக்குப் பக்கத்தில். ஆகவே எங்கள் வீட்டு ஓவன் இன்றைக்கும் கூடத்தில்தான் இருக்கிறது, டிவிக்கு எதிரே. அப்பாயி கொஞ்ச நாள் அதையும் டிவி என்றே நினைத்தாள்.

எனக்கு பேக்கிங் மேல் பெரிய மோகம் ஒன்றும் கிடையாது. நம் அடுப்புக்குச் சூடு கீழேயிருந்து மட்டும்தான். கீழேயிருந்து சூடு வந்தால் யாராவது பக்கத்தில் நின்று கிண்டணும், திருப்பணும், தீயைக் குறைக்கணும். ஓவனில் சூடு மேலும் கீழும் சூழ்ந்திருக்கும். உள்ளே வைத்துக் கதவை மூடினால் இருபது நிமிஷத்துக்கு ஆள் தேவையில்லை. எனக்கு வேண்டியது அந்த இருபது நிமிஷம்.

தஞ்சாவூருக்கு வெள்ளைக்காரச் சமையல் புதுசும் இல்லை. ஷ்வார்ட்ஸ் பாதிரியாரின் பராமரிப்பில் படித்து 1798-ல் பட்டத்துக்கு வந்த இரண்டாம் சரபோஜியின் அரண்மனையில் அது நடந்திருக்கிறது. சரசுவதி மகால் நூலகம் பதிப்பித்த சரபேந்திர பாகசாஸ்திரத்தில் மராட்டியச் சமையலோடு இங்கிலீஷ் சமையலுக்கும் இடம் உண்டு. இந்த மாதிரிப் புத்தகங்களைப் பற்றிப் பேசும்போது ராஜாவின் ருசியைத்தான் எல்லாரும் பேசுவார்கள். சமைத்தவர்கள் எத்தனை மணிக்குச் சாப்பிட்டார்கள் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றுகிற கேள்வி.

சரி, செய்முறை. ஐந்து பேருக்கு 400 கிராம் பென்னே பாஸ்தா, 250 கிராம் சிக்கன் சாசேஜ், நன்றாகப் பழுத்த நாட்டுத்தக்காளி முக்கால் கிலோ, பெரிய வெங்காயம் மூன்று, பத்துப் பல் பூண்டு, கொரகொரப்பாக இடித்த வரமிளகாய் மூன்று, ஒரு ஸ்பூன் சோம்பு, ஒரு டம்ளர் பால், 150 கிராம் சீஸ். செவ்வாய், வெள்ளி எங்கள் வீட்டில் கவிச்சி கிடையாது, சனிக்கிழமையும் அப்பாயிக்கு ஆகாது, புரட்டாசி முழுக்கக் கிடையாது. புதன்கிழமைக்கு எந்தத் தடையும் இல்லை.

சாசேஜை அம்மா கையில் எடுத்து உருட்டிப் பார்த்தாள்.

"இது என்ன பாப்பா கறி? எலும்பும் இல்ல, நாரும் இல்ல."

"உப்புக்கண்டம் மாதிரிதாம்மா. கறி கெட்டுப்போகாம இருக்க ஒரு வழி. நாம வெயில்ல காயப்போட்டோம், அவங்க அரைச்சு குடல்ல அடைச்சுப் புகை போட்டாங்க."

"குடல்லயா?" என்று அப்பாயி கூடத்திலிருந்து கேட்டாள். சமையலில் குடல் அவளுக்குப் பிடித்தமான விஷயம். இந்தப் பாக்கெட்டில் குடல் இல்லை என்றதும் ஆர்வம் போய்விட்டது.

கடையில் கிடைக்கிற சிக்கன் சாசேஜுக்குத் தனி ருசி குறைவு, உப்புதான் முன்னால் நிற்கும். அதற்குத்தான் சோம்பு. இத்தாலியில் பன்றிக்கறி சாசேஜுக்குச் சோம்பு வகையைத்தான் சேர்க்கிறார்கள். நம் வீட்டில் கறிக்குழம்புக்குத் தாளிப்பதும் அதுதான். எண்ணெயில் சோம்பு பொரிந்து வாசம் எழும்பியதும் அம்மாவின் முகம் கொஞ்சம் தெளிந்தது. விரல் தடிமனுக்கு வெட்டிய சாசேஜை ஓரம் சிவக்க வதக்கித் தனியாக எடுத்து வையுங்கள். அதே எண்ணெயில் பூண்டு, வெங்காயம், மிளகாய், தக்காளி. தக்காளி கரைந்து எண்ணெய் பிரிகிற வரைக்கும் அவசரப்பட வேண்டாம். நாட்டுத்தக்காளியின் புளிப்புக்குக் கடைசியில் பால் வேண்டியிருக்கும். தீயை அணைத்து, சூடு கொஞ்சம் தணிந்த பிறகு பாலை விடுங்கள், இல்லையென்றால் திரிந்துவிடும்.

பாஸ்தாவை உப்புத் தண்ணீரில், பாக்கெட்டில் போட்டிருக்கிற நேரத்துக்கு ரெண்டு நிமிஷம் முன்னாலேயே வடித்துவிட வேண்டும். மிச்சம் ஓவனில் வேகும். நான் சட்டியைத் தொட்டிக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது அம்மா குறுக்கே கையை நீட்டினாள்.

"கொட்டாத. கஞ்சி."

எந்த இத்தாலிய வீடியோவைப் பார்த்தாலும் பாஸ்தா வேகவைத்த தண்ணீரைக் கொட்டாதே என்று விடாமல் பாடம் எடுப்பார்கள். அதில் இறங்கியிருக்கிற மாவுச்சத்துதான் எண்ணெயையும் தக்காளிச் சாற்றையும் ஒன்றாகப் பிடித்து வைக்கிறது. நெல் விளைகிற ஊரில் அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அம்மாவே வடிதட்டை வைத்துச் சாய்த்து, சோறு வடிக்கிற மாதிரி வடித்து, ஒரு சொம்பில் கஞ்சியைப் பிடித்துவைத்தாள். ஒரு டம்ளர் குழம்பில் சேர்த்தேன். மீதியில் அவள் உப்புப் போட்டுக் குடித்துப் பார்த்து, "சப்புன்னு இருக்கு. நெல்லுக் கஞ்சி மாதிரி வராது" என்றாள்.

எல்லாவற்றையும் கலந்து தட்டில் பரப்பி, மேலே சீஸைத் துருவிப் போட்டு 200 டிகிரியில் இருபது நிமிஷம். குழம்பு கொஞ்சம் தளர்வாகவே இருக்கட்டும், பாஸ்தா இழுத்துக்கொள்ளும். எடுத்ததும் வெட்டாதீர்கள், பத்து நிமிஷம் ஆறினால்தான் துண்டாக நிற்கும்.

அந்த இருபது நிமிஷத்தில் நான் எதிர்பார்த்தது நடக்கவில்லை. அம்மா உட்காரவில்லை. மேடையைத் துடைத்தாள். துடைத்த மேடையை மறுபடி துடைத்தாள். வெந்துவிட்டதா என்று மூன்று தடவை ஓவன் கண்ணாடியில் குனிந்து பார்த்தாள். சட்னி அரைக்கட்டுமா என்று கேட்டாள். நானே தட்டுகளை வைத்து, தண்ணீர்ச் சொம்பை வைத்து, எல்லாம் கூடத்துக்கு வந்துவிட்டது, எழுந்து போக ஒன்றுமே இல்லை என்று ஆன பிறகு, தரையில் கால் நீட்டி உட்கார்ந்தாள். அப்பாயி அவளை ஒரு பார்வை பார்த்தாள். மாமியார் பார்வை என்று சொல்ல முடியாது. அப்பாயியும் ஒரு காலத்தில் விறகடுப்பு முன்னால் நின்றவள்தானே. "காலை நல்லா நீட்டிக்க" என்றாள்.

அப்பா அன்றைக்கு நெல் கொள்முதல் நிலையத்திலிருந்து ஒன்பது மணிக்குத்தான் வந்தார். மாசி மாதம், சம்பா அறுவடை. நெல்லைக் கொட்டி வைத்துவிட்டுக் காவல் இருக்க வேண்டும். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் எடுக்க மாட்டார்கள், பனி இறங்குமுன் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டுத்தான் வர முடியும். தோசை நாளாக இருந்தால் அம்மா அவருக்காக மறுபடி கல்லைப் போடுவாள். இப்போது ஓவனில் அவர் பங்கு சூடாக இருந்தது.

"என்ன ஆயி இது, கோதுமையா?"

"ஆமாப்பா."

"வெளிய நெல்லு மலையாட்டம் கெடக்கு, வீட்ல கோதுமை" என்று சிரித்துக்கொண்டே ரெண்டு துண்டு சாப்பிட்டார். அப்புறம் "ஒரு கை மோர் சோறு?" என்றார். அதை நான் குறையாக நினைக்கவில்லை. எங்கள் பக்கம் ராத்திரி எது சாப்பிட்டாலும் அது பலகாரம்தான், கடைசியில் ஒரு பிடி சோறு இறங்கினால்தான் சாப்பிட்ட கணக்கு. அம்மா எழப்போனாள். சோற்றுப் பானை எங்கே இருக்கிறது என்று அப்பாவுக்குத் தெரியும், ஈயத்தட்டால் மூடியது என்று நான் சொன்னேன். அவரே போய்ப் போட்டுக்கொண்டு வந்தார். மோர் கொஞ்சம் அதிகமாகிவிட்டது.

செலவு தோசையைவிடப் பல மடங்கு. சாசேஜும் சீஸும் வாங்க தஞ்சாவூர் போய்வர வேண்டும், அரை மணி நேரத்துக்கு மேல் பஸ். தட்டில் ஒட்டிய சீஸை ராத்திரி முழுக்க ஊறவைத்துத்தான் தேய்க்க முடியும், அது என் வேலை. அதனால் மாதத்துக்கு ரெண்டு புதன்தான். மற்ற ரெண்டு புதன் தோசைதான், ஆனால் இப்போது கல்லுக்கு முன்னால் ஆள் மாறுகிறது. பாதி நான், பாதி தம்பி. அவன் ஊற்றுகிற தோசை இந்திய வரைபடம் மாதிரி வரும், அதைப் பற்றி யாரும் எதுவும் சொல்லக்கூடாது என்று ஒப்பந்தம். பெண் பார்க்க வந்த ஒரு வீட்டார் எனக்குச் சமைக்கத் தெரியுமா என்று கேட்டபோது, "ரெண்டு பேருக்கும் தெரியும்" என்று அம்மா தம்பியையும் காட்டிச் சொல்லிவிட்டாள். அவர்கள் அதற்கப்புறம் போன் செய்யவில்லை.

மூன்றாவது தடவை செய்தபோது தட்டைக் கூடத்தில் கொண்டுவந்து வைத்தேன். ஓரமெல்லாம் சிவந்து, சீஸ் மொறுமொறுவென்று பிடித்திருந்தது. யாருக்கு எவ்வளவு என்று நான் வெட்டப்போனபோது அம்மா சொன்னாள்:

"அந்த மூலை எனக்கு. மொறுமொறுன்னு இருக்கறது."

தனக்கு இது வேண்டும் என்று சாப்பாட்டில் அவள் கேட்டு நான் கேட்டதில்லை. தம்பி அதற்குள் அந்த மூலையைச் சுரண்டியிருந்தான். மிச்சம் மூன்று மூலை இருந்தது.