125 வருஷத்துப் பழைய சந்தேகம்

மெடிக்கல் த்ரெட்தான் எழுதுவேன், இன்னைக்கு ஒரு நாவல். அ. மாதவையா எழுதிய 'பத்மாவதி சரித்திரம்', 1898.

ஸ்கூல்ல ஒரு மார்க் கேள்விக்கு மனப்பாடம் பண்ணியிருப்பீங்க. பிரதாப முதலியார், கமலாம்பாள், அடுத்து இது. நைட் டூட்டில கேஸ் இல்லாத நேரம் தூக்கம் வரட்டும்னு எடுத்தேன். வந்த தூக்கமும் போச்சு.

மாதவையா நம்ம ஊர்க்காரர். 1872ல பெருங்குளத்துல பிறந்தவர். நவதிருப்பதில ஒண்ணு இருக்கே, அதே பெருங்குளம் (இப்போ தூத்துக்குடி மாவட்டம்). உப்பு இலாகா அதிகாரி. இதை எழுதும்போது வயசு 26. நம்ம ஹவுஸ் சர்ஜன் பசங்களைவிட ரெண்டு மூணு வயசுதான் கூட!

ஆரம்பத்துல சம்ஸ்கிருதச் சொல் நிறைய வந்து கொஞ்சம் படுத்தும். பொறுத்துக்கோங்க. பிறகு பழகிரும். நாராயணன், கோபாலன்னு ரெண்டு சிநேகிதங்க. திருநெல்வேலிப் பக்கத்துல இருந்து மெட்ராஸுக்குப் படிக்கப் போறாங்க. ஊர்ப் பேச்சு, வீட்டு அரசியல் எல்லாத்தையும் மனுஷன் ஒரு நக்கலோடதான் சொல்றார். டூட்டி ரூம்ல தனியா சிரிச்சேன், சிஸ்டர் எட்டிப் பாத்துட்டுப் போனாங்க.

ஆனா என்னைப் பிடிச்சு உட்கார வச்சது சிரிப்பு இல்ல. பொண்ணுங்க படிக்கணும்னு வாதாடுற நாவல் இது. அப்படிப்பட்ட நாவல்ல, இங்கிலீஷ் படிச்ச நாராயணனே பொண்டாட்டி பத்மாவதியைச் சந்தேகப்படுறான். வில்லன் இல்ல, கதாநாயகன். நல்லவன், அறிவாளி, அவள்மேல உசுரா இருக்கிறவன். அந்தச் சந்தேகம் அவனுக்குள்ள ஊறுறதை மாதவையா அவசரப்படாம எழுதியிருக்கார். படிச்சவனா இருந்தாலும் இது வரும்னு 1898லயே ஒருத்தர் சொல்லிட்டார்.

நான் பார்க்கிற நாராயணன்கள் கேஷுவாலிட்டிக்கு வெளிய நிப்பாங்க. உள்ள அரளி விதை கேஸ். ராத்திரி முழுக்க மானிட்டர்ல இதயத் துடிப்பைப் பாத்துட்டே இருக்கணும், எப்ப வேணா குறையும். காரணம் கேட்டா அந்தப் பொண்ணு வாய் திறக்காது. "வீட்ல சின்ன சண்டை சார்"னு கணவர் பதில் சொல்வார். டிகிரி முடிச்சவர், நல்ல வேலை. அந்தப் பொண்ணோட போன் அவர் பாக்கெட்ல இருக்கும். அவரை வெளிய அனுப்பிட்டு, தனியாக் கேட்டாத்தான் விஷயம் வரும்: யார்கூட பேசினே, ஏன் சிரிச்சே, ஏன் போன் பிஸியா இருந்துச்சு.

(181, பெண்கள் உதவி எண். 24 மணி நேரமும் எடுப்பாங்க. சேவ் பண்ணி வச்சுக்கோங்க.)

நாவல்ல நாராயணன் கடைசியில தெளியுறான். அது மட்டும் எனக்குக் கொஞ்சம் சீக்கிரமா நடந்த மாதிரி இருந்துச்சு. சந்தேகம் அவ்வளவு லேசுல போகாதுன்னு மாதவையாவுக்கும் தோணியிருக்குமோ என்னவோ, 25 வருஷம் கழிச்சு, சொந்தப் பத்திரிகை 'பஞ்சாமிர்தம்' ஆரம்பிச்சப்போ மூணாம் பாகம் எழுத உட்கார்ந்தார். 1925 அக்டோபர்ல இறந்துட்டார். அது பாதியிலயே நிக்குது.