பாவா ஆதம் மலைக்கு வழிகாட்டியோர்

கி.பி. 1344ஆம் ஆண்டு, மாலத்தீவில் காழியாகப் பணியாற்றி விடைபெற்ற இப்னு பதூதா, மஅபர் என்று அரபிகள் அழைத்த நம் சோழமண்டலக் கரையை நோக்கிக் கப்பலேறினார். காற்று திசைமாறி அக்கப்பலை இலங்கையின் மேற்குக் கரையில் கொண்டுபோய்ச் சேர்த்தது. அப்பகுதியை ஆண்டவர் ஆரியச் சக்கரவர்த்தி. கடலில் அவருடைய கப்பல்களைக் கண்டு வணிகர்கள் அஞ்சிய காலம் அது. மாலுமிகள் கரைசேரத் தயங்க, இப்னு பதூதாவோ தாம் மஅபர் சுல்தானுக்கு மண உறவினர் என்று அறிவித்துக்கொண்டு இறங்கினார். அரசர் அவரை மரியாதையுடன் வரவேற்றார். பாரசீகம் அறிந்தவராதலால் உரையாடலுக்கும் தடையில்லை. இத்தீவில் தாம் காண விரும்புவது ஆதம் (அலை) அவர்களின் பாதச்சுவடு ஒன்றையே என்று விருந்தினர் கூற, அரசர் அதற்கு ஆவன செய்தார். பல்லக்கும் அதைச் சுமக்க ஆட்களும், ஆண்டுதோறும் அம்மலைக்குச் சென்று பழகிய யோகியர் 4 பேரும், பிராமணர் 3 பேரும், அரசரின் பரிவாரத்தார் 10 பேரும், உணவு சுமப்போர் 15 பேரும் உடன் சென்றனர்.

மார்க்கத் தீர்ப்பு வழங்கும் காழி ஒருவருக்கு யோகியரும் பிராமணரும் வழிகாட்டிச் சென்ற இச்செய்தியை மதரஸா வகுப்பில் நான் சொல்லும்போதெல்லாம், மாணவர்களில் ஒருவராவது எழுந்து, "அவர்களை நம்பி எப்படிப் போனார், ஹஜ்ரத்?" என்று கேட்பதுண்டு.

வளைகுடாவில் பணிபுரியும் என் மச்சான் விடுமுறையில் வந்தபோது, இரு குடும்பத்தாரும் ஒரு வாரம் இலங்கைக்குச் சென்று வரலாம் என்றார். கூட்டத்தோடு கூட்டமாகச் செல்லும் சுற்றுலா அவருக்கு ஒத்துவராது. எங்களுக்கென்றே ஒரு வேன், அதை ஓட்டும் வழிகாட்டி ஒருவர், ஏழு நாள், நாம் சொல்லும் ஊர்கள் என்று ஏற்பாடு செய்தார். ஊர்களைக் குறித்துக் கொடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. இப்னு பதூதாவின் பயணநூலை எடுத்து வைத்துக்கொண்டு குறித்தேன்: புத்தளம், மலை, தெவிநுவர, காலி, கொழும்பு. பெண்கள் கண்டியைச் சேர்த்தனர்.

கட்டுநாயக்க விமான நிலையத்தில் எங்களை எதிர்கொண்டவர் ஐம்பதைக் கடந்த சிங்களவர், பௌத்தர், அரசு உரிமம் பெற்ற வழிகாட்டி. கொழும்பில் முஸ்லிம் குடும்பங்களுக்கு நடுவே வளர்ந்ததால் தமிழ் தடையின்றி வந்தது. நாங்கள் மரியாதைக்காக 'ஐயா' என்று அழைக்க, அவர் முகம் மலர்ந்தார். சிங்களத்தில் 'அய்யா' என்றால் அண்ணன். ஒரே சொல்லில் எங்கள் மரியாதையும் அவருக்கு உறவும் அமைந்துவிட்டன. அவர் என்னை 'மௌலவி' என்றார்.

பட்டியலின் முதல் ஊரைக் கண்டதும் அவர் வியப்படைந்தார்.

"புத்தளத்தில் பார்க்க என்ன இருக்கு, மௌலவி? டூரிஸ்ட் எல்லாம் நேரே கண்டி, சீகிரியா என்றுதான் போவார்கள்."

கேள்வி நியாயமானதே. இப்னு பதூதா கண்ட புத்தளம் மரத்தால் ஆன மதிலும் காவற்கோபுரங்களும் சூழ்ந்த சிற்றூர். வெள்ளம் அடித்து வந்த கறுவா மரங்கள் கரையில் குவிந்து கிடந்தனவாம். இன்று மதிலுமில்லை, கறுவாவுமில்லை. உப்பளங்கள் வெயிலில் வெண்மையாய் விரிந்து கிடக்கின்றன. களப்புக்கு அப்பால் கற்பிட்டித் தீபகற்பத்தில், நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி வானில் நிமிர்ந்து நிற்கிறது.

ஆயினும் இவ்வூரைக் காணாமல் திரும்ப என் மனம் ஒப்பவில்லை. 1990ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில், வட மாகாணத்தில் வாழ்ந்த முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். சற்றேறக்குறைய 75 ஆயிரம் பேர். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குத் தரப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். நகையையும் பணத்தையும் விட்டு, உடுத்த உடையோடு வந்த அம்மக்களில் மிகப் பெரும்பாலோருக்குப் புகலிடம் தந்தது இந்தப் புத்தளமும் கற்பிட்டியும்தாம். சில மாதங்களுக்கென்று போட்ட ஓலைக் குடிசைகள் ஆண்டுக்கணக்கில் நின்றன. போர் 2009இல் முடிந்த பின் சிலர் திரும்பினர். பலர் இங்கேயே ஊன்றிவிட்டனர். தமிழையே தாய்மொழியாகக் கொண்ட மக்களைத் தமிழின் பேரால் ஆயுதம் ஏந்தியவர்கள் துரத்தினர் என்பது, தமிழ் பேசும் நாம் எவ்வளவு வசதியாக மறந்துபோன செய்தி!

மச்சானுக்கு அறிமுகமான ஒரு பெரியவரின் இல்லத்தில் பகலுணவு. யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் பிறந்தவர். நம் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் உள்ளதுபோல் அங்கும் சஹன் முறைதான். ஒரு தாலத்தைச் சுற்றி ஆறு பேர் அமர வேண்டும். நாங்கள் ஐந்து பேர் இருந்தோம். வேனிலேயே இருந்துவிட்ட வழிகாட்டியைப் பெரியவர் தாமே சென்று அழைத்து வந்து ஆறாவதாக அமர்த்தினார். யாழ்ப்பாணத்து வீட்டைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. முற்றத்தில் ஒரு மாதுளை இருந்தது என்றும், சாவியைத் தம் தாயார் இறக்கும் வரை தலையணைக்கடியில் வைத்திருந்தார் என்றும் மட்டும் சொன்னார். திரும்பும் வழியில் வழிகாட்டி நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "இருபது வருசமாக இந்த ரோட்டில் ஓடுகிறேன். இந்த வீடுகளை உள்ளே போய்ப் பார்த்ததில்லை" என்றார்.

குருநாகல் வழியாகக் கண்டிக்குச் செல்கையில் அவருக்கு இப்னு பதூதா எழுதிய யானைக் கதையைச் சொன்னேன். ஷெய்கு இப்னு கஃபீஃப் என்ற பெரியாரும் முப்பது பக்கீர்களும் இம்மலைக்குச் செல்லும் வழியில் காட்டில் தவறிப் பசியால் வாடினர். பெரியார் தடுத்தும் கேளாமல் மற்றவர்கள் ஒரு யானைக்குட்டியைக் கொன்று தின்றனர். இரவில் யானைகள் வந்து ஒவ்வொருவராய் முகர்ந்து, தின்றவர்களைக் கொன்றன. தின்னாத பெரியாரை முதுகில் ஏற்றி ஊருக்கருகே விட்டுச் சென்றன. அன்று முதல் இத்தீவினர் முஸ்லிம் பக்கீர்களை வீட்டில் ஏற்று உணவளித்து மதித்தனர் என்கிறார் இப்னு பதூதா. கதையின் உண்மையை அல்லாஹ்வே அறிவான். வழிகாட்டி அதை மிகவும் ரசித்தார்.

பதிலுக்கு அவர் ஒரு கதை சொன்னார். கண்டி மன்னர் இரண்டாம் இராஜசிங்கனைப் போர்த்துக்கீசர் துரத்தியபோது ஒரு முஸ்லிம் பெண் அவரை மரப்பொந்தில் ஒளித்துவைத்துக் காட்டிக்கொடுக்க மறுத்து உயிர்நீத்தாளாம். அவளை மன்னர் 'என்னைக் காத்த இரத்தம்' என்று சிங்களத்தில் போற்றியதிலிருந்தே 'மரக்கல' என்னும் பெயர் முஸ்லிம்களுக்கு வந்ததாம். தமிழ் படித்தவன் காதில் அச்சொல் மரக்கலம் என்றே ஒலிக்கிறது; நம் மரக்காயர்களும் அதே கலத்தில் வந்தவர்களே. சொல்லாராய்ச்சியை நான் எடுத்துரைக்கவில்லை. ஒரு சமூகத்தின் பெயருக்கு இப்படியொரு காரணத்தை மற்றொரு சமூகம் கற்பித்து வைத்திருப்பதைத் திருத்துவதால் யாருக்கு என்ன இலாபம்? போர்த்துக்கீசர் 1626இல் தம் பகுதியிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது கண்டி மன்னர் செனரத் அடைக்கலம் தந்து கிழக்கே குடியமர்த்தியது வரலாறு.

கண்டியைப் பற்றி எழுத அதிகமில்லை. ஏரி அழகு, கடைகள் விலை மிகுதி. அங்கிருந்து மலையேறினால் வழியெங்கும் தேயிலை. அதைப் பறிப்பவர்கள் நம் மாவட்டங்களிலிருந்து ஆங்கிலேயர் கொண்டுசென்ற கூலிகளின் வழித்தோன்றல்கள். 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, அதை மீட்கப் பல பத்தாண்டுகள் போராடியவர்கள். ஹட்டனில் வழிகாட்டி ஒரு பை நிறையத் தேசிக்காய் வாங்கினார். நாம் எலுமிச்சை என்பது அங்கே தேசிக்காய். எதற்கென்று கேட்டேன். அட்டைக்கு என்றார். இம்மலைக் காட்டில் மரங்களிலிருந்து அட்டைகள் பாய்ந்து ஒட்டும் என்றும், மக்கள் கையோடு எலுமிச்சை கொண்டு சென்று பிழிவார்கள் என்றும் இப்னு பதூதா எழுதியிருப்பதை எடுத்துக் காட்டினேன். ஏறத்தாழ 680 ஆண்டுகளாக மருந்து மாறவில்லை!

பாவா ஆதம் மலை 2,243 மீட்டர் உயரம். பௌத்தர் அதைப் புத்தரின் பாதம் என்று ஸ்ரீபாத என்பர், இந்துக்களுக்குச் சிவனொளிபாதம். முஸ்லிம்கள் ஆதம் (அலை) அவர்கள் இறங்கிய இடம் என்று சொல்லி வந்திருக்கின்றனர். ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்: திருக்குர்ஆன் எந்த இடத்தையும் பெயர் குறிப்பிடவில்லை. சரந்தீப் என்பது விரிவுரையாளர்கள் எடுத்தெழுதிய செய்திகளில் வருவது. அம்மலைக்குச் செல்வது வணக்கமும் அன்று. அவ்வாறு கருதுவது கூடவும் கூடாது. படைப்பைக் காணவும் முன்னோர் நடந்த வழியை அறியவும் செல்லலாம்.

டிசம்பர்ப் பௌர்ணமி முதல் மே மாதத்து வெசாக் வரை யாத்திரைக் காலம். நாங்கள் சென்றது ஜனவரியில். நல்லதண்ணியிலிருந்து 5 ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். நள்ளிரவு கடந்து ஏறத் தொடங்கினோம். என் துணைவியாரும் மச்சானின் மனைவியும் பாதிவழியில் ஒரு தேநீர்க் கடையில் தங்கிவிட்டனர். கைக்குழந்தையைத் தோளில் சுமந்த இளைஞர்களும், இருபுறமும் பேரப்பிள்ளைகள் தாங்க வெள்ளுடையில் ஏறும் மூதாட்டியரும் எங்களைக் கடந்து சென்றனர். இப்னு பதூதா காலத்தில் பாறையில் வெட்டிய படிகளோடு, முளையடித்துத் தொங்கவிட்ட சங்கிலிகள் பத்து. பத்தாவதற்கு 'ஷஹாதா சங்கிலி' என்று பெயர். அதைப் பற்றிக்கொண்டு கீழே நோக்கியவர் விழுந்துவிடுவோமோ என்ற அச்சத்தில் கலிமா சொல்வாராம். கைப்பிடிக் கம்பியைப் பற்றியவாறு கீழே நோக்கியபோது அப்பெயரின் பொருத்தம் எனக்கு விளங்கிற்று.

உச்சிக்குக் கீழே ஒரு கடையில் அமர்ந்திருக்கையில் மச்சான், நான் ஐந்து நாளாகக் கேட்கத் தயங்கியதைக் கேட்டுவிட்டார். "2019க்குப் பிறகு எங்களைப் போன்றவர்களை ஏற்றிக்கொண்டு சுற்றுவது உங்களுக்குச் சங்கடமில்லையா, அய்யா?"

அவ்வாண்டு ஏப்ரல் 21 ஈஸ்டர் நாளில் தேவாலயங்களிலும் விடுதிகளிலும் இஸ்லாத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டவர்கள் நிகழ்த்திய படுகொலையில் 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதற்கு முந்தைய ஆண்டு மார்ச்சில் கண்டியை அடுத்த திகனையிலும், 2019 மேயில் வடமேல் மாகாணத்திலும் பள்ளிவாசல்களும் முஸ்லிம் கடைகளும் எரிந்தன.

அவர் தேநீரைக் கீழே வைத்தார். "பொய் சொல்ல மாட்டேன். அந்த வருசம் எட்டு மாதம் நான் முஸ்லிம் ஆட்களை ஏற்றவில்லை. பயம். பிறகு யாருமே வரவில்லை, கொரோனா, 2022இல் பெட்ரோலுக்கு ராத்திரி பகலாக வரிசையில் நின்றேன். அந்த வரிசையில் எனக்குச் சோறு கொண்டுவந்து தந்தது எங்கள் தெரு நானா. அவரையும் நான் ஏற்றாமல்தான் இருந்தேன்." இலங்கைச் சிங்களவர் முஸ்லிம் பெரியவரை அழைப்பது 'நானா' என்றே. நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருந்தது? ஆறுதல் சொன்னால் அவர் சொன்னதன் கனம் குறைந்துவிடும் என்று தோன்றிற்று. மச்சான்தான் இன்னொரு தேநீர் வரவழைத்தார்.

கடைக்காரர் தந்த பாயில் சுப்ஹு தொழுதோம். அதன் பின் உச்சி. கிழக்கே கதிரவன் எழ, மேற்கே மலையின் நிழல் முகில்களின் மேல் கூரிய முக்கோணமாய் விழுந்தது. சுப்ஹானல்லாஹ்! எத்தனை முறை ஏறினாரோ அத்தனை முறை மணியடிப்பது யாத்திரிகர் வழக்கம். வழிகாட்டி ஒன்பது முறை அடித்தார்.

அதன் பிறகு இறக்கந்தான். இரத்தினபுரியில் ஒரு மாணிக்கக் கடையில் நிறுத்தியபோது, "வாங்கினால் எனக்குக் கமிஷன் உண்டு, வாங்காவிட்டாலும் தேநீர் உண்டு" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். தேநீர் மட்டும் அருந்தினோம். தெவிநுவரவில் இப்னு பதூதா கண்ட பேராலயத்தைப் போர்த்துக்கீசர் 1588இல் இடித்துவிட்டனர். காலிக் கோட்டையின் மீரான் ஜும்ஆப் பள்ளி, தேவாலயமோ என மயங்கச் செய்யும் தோற்றமுடையது. எதிரே கலங்கரை விளக்கம். மதில் மேல் அமர்ந்து மஃரிபுப் பாங்கைக் கேட்டது மறக்கவொண்ணாதது. நம் பெண்களுக்காக இதையும் குறிப்பிட வேண்டும்: பயணவழிப் பள்ளிவாசல்கள் பலவற்றில் பெண்கள் தொழத் தனி இடமும் ஒளூச் செய்யும் வசதியும் உள்ளன. எவ்வூரில் உண்டு என்பது வழிகாட்டிக்கு மனப்பாடம். நம் ஊர்ப் பள்ளி நிர்வாகிகள் இதைச் சிந்திக்கலாகாதா?

கடலோரச் சாலையில் வடக்கே வந்தோம். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை ஒரு தொடர்வண்டியைப் புரட்டி ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோன பெரலியவில் இறங்கி நின்றோம். 2014இல் கலவரம் நடந்த அளுத்கமையை வழிகாட்டி பேசாமல் கடந்தார். பேருவளையில் கடலுள் நீண்ட பாறைமுனையில் வெண்ணிறக் கெச்சிமலைப் பள்ளியையும், 1973இல் நளீம் ஹாஜியார் நிறுவிய ஜாமிஆ நளீமிய்யாவையும் கண்டோம். மார்க்கக் கல்வியோடு பல்கலைக்கழகப் பட்டமும் பெறும் அம்மாணவர்கள் தெளிந்த தமிழில் பேசக் கேட்டு, ஓர் ஆசிரியன் என்ற முறையில் சிறிது பொறாமையும் கொண்டேன்.

கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் நான் தேடிச் சென்றது ஒரு கல். சீனக் கப்பற்படைத் தலைவர் செங் ஹெ, பிறப்பால் முஸ்லிம், 1409ஆம் ஆண்டிட்டுப் பொறித்துக் கொணர்ந்த கல்வெட்டு. 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்டது. சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தெவிநுவரவின் தேனவரை நாயனாருக்கும், பாரசீகப் பகுதி இஸ்லாத்தின் இறைவனுக்கும் உரியவை. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று மூன்றிலும் ஒத்த காணிக்கைகள். பாரசீக எழுத்துகளே மிகவும் தேய்ந்துள்ளன. என் மகள் தமிழ்ப் பகுதியில் விரல்விட்டு எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தாள்.

வழிகாட்டி அருகில் வந்து கல்லை மேலும் கீழும் நோக்கினார். "மௌலவி, இதில் சிங்களம் எங்கே?"

"சிங்களம் இல்லை, அய்யா."

சற்று நேரம் அங்கேயே நின்றார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்து, கட்டுநாயக்கச் சாலையில் நெரிசல் கூடுமுன் புறப்பட வேண்டும், அஸரை வழியில் எங்கே நிறுத்துவது என்று கேட்டார்.