மிதப்பவற்றையும் எண்ணுக

நரம்பணு ஒன்று தனக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும் ஒழுங்கின்படி தன்னை அழித்துக்கொள்வதைத் திட்டமிட்ட உயிரணு இறப்பு என்பர்; இதன் முதன்மையான வடிவத்துக்கு 1972இல் கெர், வைலி, கர்ரி ஆகிய மூவர், இலையுதிர்வைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'அபோப்டோசிஸ்' என்று பெயரிட்டனர். காயத்தால் சாகும் உயிரணு வீங்கி வெடித்துச் சுற்றியுள்ள திசுவையும் புண்படுத்த, இவ்வகையில் மடிவதோ சுருங்கி, மேற்பரப்பில் குமிழ்கள் எழ, சிறு பொட்டலங்களாகப் பிரிந்து, பிற உயிரணுக்களால் விழுங்கப்பட்டு மறைகிறது. ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வைப் பாக்ஸ் என்னும் புரதம் துளைக்க, அதன் வழியே கசியும் சைட்டோகுரோம் சி, அபாஃப்-1 என்னும் புரதத்தோடு சேர்ந்து, புரதங்களை வெட்டும் காஸ்பேஸ் நொதிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தூண்டிவிடுகிறது.

பாடநூலில் இந்த வரிசை தெளிவாக இருக்கிறது. உயிரணுக்களை வளர்க்கும் குடுவையில் அப்படி இல்லை. பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்திலாயினும் வேறெங்காயினும், இத்துறைக்குப் புதிதாக வருவோர் செய்யும் முதல் பிழை ஒன்றே. உயிரோடிருக்கும் உயிரணுக்கள் குடுவையின் அடியில் ஒட்டியிருக்க, இறப்பவை பிடிவிட்டு மேலே மிதக்கின்றன. பழைய ஊட்டத் திரவத்தை வழக்கம்போல் கொட்டிவிட்டு எஞ்சியவற்றை மட்டும் எண்ணுபவர், தேடி வந்த இறப்பையே கழுவித் தொட்டியில் விட்டுவிடுகிறார். ஒட்டியவற்றைப் பெயர்க்கும் டிரிப்சின் நொதியைச் சற்று நேரம் கூடுதலாக விட்டாலும் சவ்வு சிதைந்து, நலமான உயிரணுவும் சாயச் சோதனையில் இறப்பதுபோல் நிறமேறும்.

நேரத்தைக் கணிப்பது இதனினும் கடினம். சவ்வின் உட்பக்கம் இருக்க வேண்டிய பாஸ்ஃபாடிடைல்செரீன் என்னும் கொழுப்பு வெளிப்பக்கம் திரும்பியவுடன், ஒளிரும் சாயம் இணைத்த அனெக்சின் என்னும் புரதம் அதில் ஒட்டி அதைக் காட்டுகிறது. சவ்வு கிழிந்த பிறகே புரோப்பிடியம் அயோடைடு என்னும் சாயம் உள்ளே நுழைகிறது. இரண்டும் ஏறிய உயிரணு திட்டப்படி இறந்து முடிந்ததா, காயத்தால் வெடித்ததா என்பதை ஒரே நேரத்தில் எடுத்த அளவீடு சொல்லாது. பல நேரப் புள்ளிகளில் பார்க்கவும், காஸ்பேஸைத் தடுத்தால் இறப்பு நிற்கிறதா என்று சோதிக்கவும் பொறுமை உள்ளவரே விடைக்கு அருகில் செல்ல முடியும். இக்கைத்தொழிலின் நேர்மை முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

இந்தக் கவனம் மூலிகை ஆய்வுகளுக்கும் வேண்டும். பினாங்கின் சௌராஸ்தா சந்தையில் மலாய்க்காரர் 'பெகாகா' என்றும் தமிழர் வல்லாரை என்றும் கேட்டு வாங்கும் கீரை, நினைவாற்றலுக்கு நல்லது என்ற நம்பிக்கை பழையது. அதிலுள்ள ஏசியாட்டிக் அமிலம் வளர்ப்பு உயிரணுக்களின் இறப்பைக் குறைப்பதாக ஆய்வுகள் வந்துள்ளன. ஆயினும் இத்தகைய சோதனைகளில் பெரிதும் பயன்படும் எஸ்எச்-எஸ்ஒய்5ஒய் என்பது, குழந்தை ஒன்றின் நரம்புப் புற்றுக்கட்டியிலிருந்து வந்து இன்றும் பிரிந்து பெருகும் உயிரணு வரிசை. முதிர்ந்த நரம்பணுவோ பிரிவதில்லை. அபாஃப்-1 புரதத்தைக் குறைத்து வைத்து, வாழ்நாள் முழுவதும் நிலைப்பதற்கென இறப்பின் பாதையை இறுக்கமாகப் பூட்டியிருக்கிறது. ஆகவே, மூளையைக் காக்கும் மூலிகை என்ற செய்தியைப் படிப்பவர், அது எந்த உயிரணுவில், எத்தனை மணி நேரத்தில், மிதந்தவற்றையும் சேர்த்து எண்ணிச் சொல்லப்பட்டது என்று தயங்காமல் கேட்க வேண்டும்.